பதினோரு போன், மூன்று தேதி

2024 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி இருக்கும். எங்கள் டிரஸ்டின் நர்ஸ் சிஸ்டர்களில் மூத்தவர் நாங்குநேரியில் ஒரு மெடிக்கல் ஷாப் வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, பணம் போக மாட்டேங்குது. ஆப்பைத் தொறந்தா இந்த போன்ல இனிமே வேலை செய்யாதுன்னு வருது. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" யூரின் பை, கட்டுத்துணி, பெரியவர்களுக்கான டயாப்பர் எல்லாவற்றுக்கும் பில் போட்டாயிற்று. அடுத்த தெருவில் ஒரு அம்மா படுக்கையில் காத்திருக்கிறார். என் போனிலிருந்து பணம் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

சாயங்காலம் அவர் அலுவலகம் வந்ததும் அந்த போனை வாங்கிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு 9. வங்கி தன் செயலிக்கான குறைந்தபட்ச ஆண்ட்ராய்டை அன்றுதான் உயர்த்தியிருந்தது. அது சரி என்று விட்டிருக்கலாம். ஆனால் அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே 'பாதுகாப்பு அப்டேட்' என்ற வரிக்கு எதிரே 2021 ஆகஸ்ட் என்று இருந்தது. இரண்டு வருடம் ஐந்து மாதமாக அந்த போனுக்கு எந்தத் திருத்தமும் வரவில்லை. அத்தனை மாதமும் அதில்தான் சிஸ்டர் நோயாளிகளின் புண்களைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது சின்ன டிரஸ்ட். மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை வீட்டிலேயே போய்ப் பார்ப்பது, வலி குறைப்பது, புண் கட்டுவது, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது. நான் கணக்கு எழுதுபவள். சிம், ரீசார்ஜ், போன் என்று எதுவானாலும் என் மேஜைக்குத்தான் வரும். மொத்தம் பதினோரு போன். அதில் நாங்கள் வாங்கியவை ஆறு, மீதி அன்பளிப்பாக வந்தவை. எதற்கு எப்போது வாரண்டி முடிந்தது என்று என்னால் சொல்ல முடியும், பில் எல்லாம் ஃபைலில் இருக்கிறது. எதற்கு எப்போது சாஃப்ட்வேர் சப்போர்ட் முடிந்தது என்று கேட்டால் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கு பில்லும் கிடையாது, யாரும் கடிதம் போடுவதும் கிடையாது. போன் வழக்கம்போல் ஓடிக்கொண்டே இருக்கும், அப்டேட் மட்டும் ஒரு நாள் வராமல் நின்றுவிடும்.

அன்று ராத்திரி ஒரு நோட்டில் கோடு போட்டு பதினோரு போனின் விவரத்தையும் எழுத ஆரம்பித்தேன். முதல் குழப்பம் அங்கேயே வந்தது.

இன்னொரு சிஸ்டர், வயதில் சின்னவர், தன் போனைக் காட்டி, "அக்கா, எனக்கு நவம்பர்லதான் அப்டேட் ஆயிருக்கு, பாருங்க" என்றார். பார்த்தால் 2023 நவம்பர் என்றுதான் இருக்கிறது. ஆனால் அதே திரையில் இன்னொரு வரியில் 2022 ஜூன் என்றும் இருக்கிறது. ஒரே போனில் இரண்டு தேதி. அவர் காட்டியது 'கூகிள் பிளே சிஸ்டம் அப்டேட்'. ஆண்ட்ராய்டு 10 வந்த 2019இலிருந்து, போனுக்குள் இருக்கும் சில பாகங்களை மட்டும் கூகிளே பிளே ஸ்டோர் வழியாக நேராகப் புதுப்பித்துக்கொள்கிறது. போன் செய்த கம்பெனி கைவிட்ட பிறகும் அது வந்துகொண்டிருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிப், கெர்னல் (ஆண்ட்ராய்டின் அடித்தள நிரல்), கேமரா என்று அடியில் இருப்பவற்றின் பெரும்பகுதியை அது தொடாது. அவற்றுக்குக் கம்பெனி அனுப்பும் பாதுகாப்பு அப்டேட்தான் வர வேண்டும். மூன்றாவதாக ஒரு தேதியும் இருக்கிறது. பிளே ஸ்டோரில் செயலிகள் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி. பெரும்பாலானோர் 'அப்டேட் வருதே' என்று சொல்வது இதைத்தான். இந்த மூன்றில் நான் பார்க்கத் தொடங்கியது பாதுகாப்பு அப்டேட் தேதி ஒன்றை மட்டும். ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணைக்கூட இரண்டாவதாகத்தான் எழுதினேன்.

அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. 2015இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்று ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள் நுழைய முடியும் என்ற நிலை. அதற்குப் பிறகுதான் மாதாமாதம் எந்தெந்த ஓட்டைகள் அடைக்கப்பட்டன என்று கூகிள் அறிக்கை வெளியிட ஆரம்பித்தது. அறிக்கையில் இரண்டு தேதி இருக்கும்: மாதத்தின் 1, மாதத்தின் 5. ஒன்றாம் தேதி என்றால் ஆண்ட்ராய்டின் பொதுவான பகுதிக்கான திருத்தங்கள் வந்துவிட்டன. ஐந்து என்றால் அவற்றோடு சிப், கெர்னல் சம்பந்தப்பட்டவையும் வந்துவிட்டன. கூகிள், சிப் கம்பெனி, போன் கம்பெனி என்று மூன்று இடங்களிலும் வேலை முடிந்தால்தான் திருத்தம் நம் கைக்கு வரும். ஒரு இடத்தில் நின்றாலும் தேதி நகராது.

இது ஏன் எங்களுக்கு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். 2023 செப்டம்பரில், 'வெப்பி' வகைப் படங்களைத் திறந்து காட்டும் லிப்வெப்பி என்ற நிரல்தொகுப்பில் மோசமான ஓட்டை ஒன்று தெரியவந்தது. வேண்டுமென்றே கெடுத்துச் செய்த ஒரு படத்தை போன் திறந்து காட்டினாலே போதும், ஆபத்து. குரோம் உடனே தன்னைச் சரிசெய்துகொண்டது, பிளே ஸ்டோர் வழியாக எல்லோருக்கும் வந்தது. ஆனால் அதே நிரல்தொகுப்பு ஆண்ட்ராய்டுக்குள்ளும் இருக்கிறது. அதற்கான திருத்தம் அந்த அக்டோபர் மாத ஆண்ட்ராய்டு அறிக்கையில்தான் வந்தது. 2021 ஆகஸ்டில் நின்றுபோன மூத்த சிஸ்டரின் போனுக்கு அது ஒருபோதும் வராது. நாள் முழுக்கப் படம் அனுப்புவதும் வாங்குவதுமே அந்த போனின் வேலை.

நோட்டைக் கொண்டுபோய் செயலாளர் சாரிடம் காட்டினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவு செய்பவர். அப்படி ஒருவர் இருப்பதால்தான் இந்த டிரஸ்ட் நடக்கிறது. "ஓடுற போனை எதுக்கும்மா மாத்தணும்? ஒரு போன் காசுக்கு நாலஞ்சு ஆல்பா பெட் வாங்கலாமே" என்றார். அவர் சொன்னது சரியான கணக்கு. படுக்கைப்புண் வராமல் தடுக்கும் அந்தக் காற்றுப்படுக்கைக்கு எங்களிடம் எப்போதும் ஆள் வரிசையில் இருக்கும். நான் வாதாடவில்லை. மூத்த சிஸ்டரின் போனில் கேலரியைத் திறந்து அவர் முன் வைத்தேன். ஆயிரத்துக்கு மேல் படங்கள். முதுகு, இடுப்பு, மார்பு. சிலவற்றில் அடையாளத்துக்காகப் பெயர் எழுதிய துண்டுச்சீட்டும் கூடவே இருந்தது. அவர் ஏழெட்டுப் படம் தள்ளிப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். "எது எதை மாத்தணும்னு ஒரு விதி எழுதிக் கொண்டா. ஆளுக்கு ஆள் மாறக் கூடாது" என்றார்.

அந்த விதியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆனது. முதலில் நான் நினைத்தது எளிது: கம்பெனி எத்தனை வருடம் என்று சொல்லியிருக்கிறதோ அத்தனை வருடம். இதில்தான் நாங்கள் ஏற்கெனவே ஏமாந்திருந்தோம். மூத்த சிஸ்டரின் போனை நாங்கள் வாங்கியது 2020 நவம்பரில், தீபாவளித் தள்ளுபடியில். விலை குறைவு, நல்ல பேட்டரி, எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆனால் அந்த மாடல் சந்தைக்கு வந்தது 2019 தொடக்கத்தில். கம்பெனி எண்ணத் தொடங்கியது அன்றிலிருந்து. நான் வாங்கியபோதே பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. ஆகஸ்டில் அப்டேட் நின்றபோது எங்கள் கையில் அதற்கு ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. தள்ளுபடிக்கு ஒரு காரணம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அதனால் என் நோட்டில் வாங்கிய தேதிக்குப் பக்கத்தில் மாடல் வெளிவந்த மாதம் என்று ஒரு பத்தி சேர்த்தேன். இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவும் நாம் காசு கொடுத்தும் கிடைக்காத மாதங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியைப் படித்தபோது எனக்கு ஏக்கமாகவே இருந்தது. அங்கே விற்கும் ஸ்மார்ட்போன்களுக்கு, அந்த மாடலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும். கடைசியாகச் சந்தைக்கு அனுப்பிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். வெளியிட்ட நாளிலிருந்து இல்லை. தள்ளுபடியில் கடைசியில் வாங்குகிற எங்களைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதியது போல இருந்தது.

அடுத்த சிக்கல், கம்பெனி சொல்வதும் கைக்கு வருவதும் ஒன்றாக இல்லாதது. 'மூன்று வருட அப்டேட்' என்றால் மாதாமாதமா, மூன்று மாதத்துக்கு ஒரு முறையா? சாம்சங் இதற்கு ஒரு பட்டியலைத் தன் பாதுகாப்புப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறது. மாதாந்திரம், காலாண்டு, அரையாண்டு என்று மாடல்களைப் பிரித்திருக்கும். போன் பழசாக ஆக ஆக ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்கு இறங்கும், பிறகு பட்டியலிலிருந்தே போய்விடும். அன்பளிப்பாக வந்த எங்கள் போன்களில் இரண்டை நான் இப்படித்தான் பின்தொடர்ந்தேன். இந்தப் பட்டியலைப் பார்த்ததும்தான் என் விதிக்கு ஒரு அடிப்படை கிடைத்தது. சப்போர்ட்டில் இருக்கும் போன்களிலேயே மெதுவாக வருவது அரையாண்டுக்கு ஒரு முறை. அப்படியானால் ஆறு மாதத்துக்கு மேல் தேதி நகராமல் இருந்தால், கம்பெனி என்ன சொல்லியிருந்தாலும், எங்கள் வேலைக்கு அது சப்போர்ட் இல்லாத போன். சும்மா ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளவில்லை என்று சாரிடம் சொல்ல முடிந்தது.

இப்படித்தான் எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி எல்லா போனின் பாதுகாப்புத் தேதியையும் நோட்டில் எழுதுவது. தொண்ணூறு நாளுக்கு மேல் பழசானால் மஞ்சள் புள்ளி, விசாரிக்க வேண்டும். நூற்றெண்பது நாள் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்த போனில் நோயாளி படமோ, விவரமோ, டிரஸ்டின் பணமோ இருக்கக் கூடாது. அந்த மாதத்துக்குள் வேறு போனுக்கு மாற்றியாக வேண்டும்.

சிவப்பு வைப்பதற்கு முன் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும் என்பதை அனுபவம் சொல்லிக்கொடுத்தது. டிரைவர் அண்ணன் ஒருவரின் போன் ஏழு மாதம் பின்தங்கி இருந்தது. நான் பேனாவை எடுத்துவிட்டேன். பட்டியலில் பார்த்தால் மாடல் இன்னும் இருக்கிறது. போனைத் திறந்தால் ஸ்டோரேஜ் நிரம்பி வழிகிறது, எல்லாம் குடும்பக் குழுவில் வந்த காலை வணக்கமும் கோயில் கொடை வீடியோவும். இடமில்லாததால் அப்டேட் இறங்காமலே காத்திருந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அழித்து, அலுவலக வைஃபையில் போட்டு, சார்ஜில் வைத்தோம். ஒன்றன் பின் ஒன்றாக மூன்று அப்டேட் வந்து, தேதி போன மாதத்துக்கு வந்து நின்றது. அதனால் இப்போது ஸ்டோரேஜ், வைஃபை, சார்ஜ் மூன்றையும் சரிபார்த்து, கையால் 'அப்டேட் இருக்கிறதா' என்று அழுத்திப் பார்த்த பிறகுதான் நிறம் வைக்கிறேன்.

இன்னொரு பொய் எச்சரிக்கை 2025 ஜூலையில் வந்தது. அந்த மாத ஆண்ட்ராய்டு அறிக்கையில் ஒரு திருத்தம்கூட இல்லை, காலியாக வந்தது. அதிக ஆபத்துள்ளவற்றை மட்டும் மாதாமாதம் கொடுத்துவிட்டு, மற்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகத் தரும் முறைக்கு கூகிள் மாறியிருந்தது. ஒரு மாதம் தேதி நகராததற்கெல்லாம் பதற வேண்டியதில்லை.

கம்பெனி சொல்வதைச் சாராமல் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்தது. கூகிள் அறிக்கையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் எதிரே, எந்தெந்த ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்குத் திருத்தம் தரப்பட்டது என்று ஒரு பத்தி இருக்கும். 2025 மார்ச்சோடு ஆண்ட்ராய்டு 12 அதிலிருந்து போய்விட்டது. அதன்பின் 13 முதல்தான். சில கம்பெனிகள் தாங்களே முயன்று 12க்குச் சில திருத்தங்கள் கொடுக்கலாம். ஆனால் அது அவர்கள் மனது வைத்தால்தான். என் நோட்டில் அந்த ஏப்ரலில் இரண்டு போன்களுக்கு, தேதி நன்றாக இருந்தும், மஞ்சள் வைத்தேன். செப்டம்பருக்குள் இரண்டும் சிவப்பாகிவிட்டன.

வெளிநாட்டில் இருக்கும் ஒரு அன்பர் தன் ஐபோன் 7ஐக் கொடுத்தது தனிக்கதை. 2016இல் வந்த மாடல். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் அதில் 15க்கு மேல் போகாது. அப்படியானால் சப்போர்ட் முடிந்தது என்று எழுதப் போனேன். ஆனால் 2025 செப்டம்பரில் அதற்கு 15.8.5 என்று ஒரு அப்டேட் வருகிறது, படங்களைக் கையாளும் பகுதியில் இருந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்காக. ஒன்பது வருடப் பழைய போனுக்கு! ஆப்பிள் முன்பும் இப்படிச் செய்திருக்கிறது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில் 12.5.7 கொடுத்தார்கள். அப்படியானால் இதைச் சப்போர்ட் உள்ளது என்று சொல்லலாமா? நான் சொல்லவில்லை. பழைய பதிப்புகளில் தெரிந்த ஓட்டைகள் எல்லாம் சரிசெய்யப்படுவதில்லை என்று ஆப்பிளே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. மிக மோசமானது வந்தால் மட்டும் கட்டுப் போடுகிறார்கள், அதுவும் எப்போது நிற்கும் என்று சொல்வதில்லை. அந்த போன் இப்போது வரவேற்பு மேஜையில் இருக்கிறது. அழைப்பு வரும், வழி சொல்வோம். நோயாளி படம் அதற்குப் போவதில்லை. (ஆப்பிள் தளத்தில் பழைய மாடல்களுக்கு வேறொரு பட்டியல் உண்டு, விற்பனை நின்று ஐந்து வருடம், ஏழு வருடம் என்று. அது ரிப்பேருக்கும் உதிரிபாகத்துக்கும் ஆனது. அதைப் பார்த்து சாஃப்ட்வேர் பற்றி முடிவெடுக்க வேண்டாம். நான் ஒரு வாரம் அந்தக் குழப்பத்தில் இருந்தேன்.)

பாளையங்கோட்டையில் படிக்கும் தன்னார்வலர் தம்பி ஒருவர், "அக்கா, தூக்கிப் போடாதீங்க, லினேஜ்ஓஎஸ் போட்டுத் தாரேன்" என்றார். கம்பெனி கைவிட்ட போன்களுக்கு ஆர்வலர்கள் சேர்ந்து புதிய ஆண்ட்ராய்டு செய்து தரும் திட்டம் அது. எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒரு போனில் போட்டும் கொடுத்தார். புது போன் போலவே ஆயிற்று, தேதி அந்த மாதத் தேதி. ஆனால் அமைப்புகளில் இரண்டாவதாக ஒரு தேதி தெரிந்தது. "இது வெண்டர் தேதிக்கா, சிப் கம்பெனியும் போன் கம்பெனியும் குடுத்த பாகங்களுக்கு உள்ளது. 2021லயே நிக்குது. மோடம், கிராபிக்ஸ் எல்லாத்துக்கும் உள்ள ஃபர்ம்வேர் கம்பெனிதான் தரணும்" என்று அவரே மறைக்காமல் சொன்னார். வங்கிச் செயலியும் அதில் திறக்க மறுத்தது, பூட்லோடரின் (போனைத் தொடக்கிவைக்கும் நிரலின்) பூட்டைத் திறந்த போனை அது நம்புவதில்லை.

இந்த வெண்டர் சங்கதி எவ்வளவு கடினம் என்பதற்கு ஃபேர்போன் என்ற டச்சு நிறுவனத்தைப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் ஆண்ட்ராய்டு 5உடன் ஃபேர்போன் 2ஐ வெளியிட்டார்கள். அதில் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு குவால்காம் ஆண்ட்ராய்டு 6க்கு மேல் கைகொடுக்கவில்லை. சின்னக் கம்பெனி, தாங்களே முட்டி மோதி 7, 9, 10 என்று கொண்டுபோய், 2023 மார்ச் வரை ஏழு வருடம் காப்பாற்றினார்கள். பின்னாளில் ஃபேர்போன் 5க்கு, தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று நீண்ட காலம் சப்போர்ட் தரப்படும் குவால்காம் சிப் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள். போனின் ஆயுள் சிப் வாங்கும் இடத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரியவர்களும் இப்போது மாறியிருக்கிறார்கள். 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கு கூகிளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் ஏழு வருடம் என்றார்கள். அவை எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாதவை. ஆனால் 2024 அக்டோபரில் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற நடுத்தர விலை போனுக்கே ஆறு வருடம் என்று அறிவித்தது எங்களைப் போன்றவர்களுக்குத் தேவைப்பட்ட செய்தி.

புது போன் வாங்கும் நேரம் வந்தபோது சாரிடம் கணக்கை வேறு விதமாக வைத்தேன். கடைக்காரர் 12,000 ரூபாய்க்கு ஒன்று காட்டினார்; மாடல் வெளிவந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது, சப்போர்ட் இரண்டு வருடம்தான் மீதி. மாதத்துக்கு 500 ரூபாய். இன்னொன்று 18,000, ஐந்து வருடம் மீதி. மாதத்துக்கு 300. நடுவில் ஒரு முறை பேட்டரி மாற்ற 1,500 சேர்த்தாலும் 325தான். சார் கால்குலேட்டரில் தானே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். விலையைப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்த நாங்கள் இப்போது விலையை மீதி மாதத்தால் வகுத்துப் பார்த்துதான் வாங்குகிறோம். கடையில் ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று சொல்லுவார்கள். இந்த மாடல் எந்த மாதம் வெளிவந்தது என்று நாம்தான் கேட்க வேண்டும்.

சிவப்பு வந்த எல்லா போனையும் உடனே தூக்கிப் போடவில்லை. அதில் எனக்கு உடன்பாடும் இல்லை. நோயாளி விவரமும் பணமும் போன பிறகு, அழைப்புக்கும் வழி பார்ப்பதற்கும் மட்டும் சில காலம் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கோட்டை நான் செயலிகளைப் பார்த்துப் போட்டேன். 2025 மே மாதம் ஐஓஎஸ் 15.1க்குக் கீழே இருக்கும் ஐபோன்களில் வாட்ஸ்அப் நின்றது. 2025 ஆகஸ்டில் குரோம் 139 வந்தபோது, ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் புதிய குரோம் நின்றது. குரோம் வராத போனில் லிங்க்கைத் தொடுவதே ஆபத்து. அந்த நிலை வந்ததும் டேட்டா சிம்மைக் கழற்றிவிடுகிறோம். டிரைவர் அண்ணனிடம் ஒன்றைக் கொடுத்து, "வங்கி ஆப் போடக் கூடாது, ஓடிபி வர்ற சிம் இதுல இருக்கக் கூடாது" என்று சொன்னேன். "எனக்குப் பாட்டு கேக்கதுக்குத்தாம்மா" என்றார்.

மூத்த சிஸ்டரின் போன்தான் கடைசி வரை என் மேஜை இழுப்பறையில் இருந்தது. புது போன் அவர் கைக்குப் போய் ஒரு மாதம் ஆகியும் பழையதை அழிக்க விடவில்லை. கேட்டால், "இரும்மா, பாக்கணும்" என்பார். ஒரு சனிக்கிழமை மதியம் வந்து உட்கார்ந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலர் இறந்துவிட்டவர்கள். புண் படங்கள் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரே சொன்னார், டாக்டரின் பதிவேட்டில் தேவையானவை இருக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி இருந்தது. ஏர்வாடிப் பக்கத்து ஒரு அம்மா, இறப்பதற்கு நாலு நாள் முன்னால் அனுப்பியது. "சிஸ்டரு, நாளைக்கு வரும்போது கொஞ்சம் மல்லியப்பூ வாங்கிட்டு வாரியளா? காசு எம்பையன் தருவான்." பதினொரு விநாடி. அந்தப் பையனிடம் அம்மாவின் குரல் வேறு எதிலும் இல்லை என்று சிஸ்டருக்குத் தெரியும்.

அந்தப் பையனை வரச் சொன்னோம். வாழைத்தோட்டத்து வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். அதை அவருடைய போனுக்கு அனுப்பிவிட்டு, பழைய போனில் முதலில் கூகிள் கணக்கை நீக்கி, பிறகு திரைப்பூட்டை எடுத்து, சிம்மும் மெமரி கார்டும் வெளியே எடுத்துவிட்டு, ரீசெட் போட்டேன். கணக்கை நீக்காமல் ரீசெட் போட்டால், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் அடுத்து யாராலும் திறக்க முடியாமல் போகலாம், முன்பு ஒன்றில் அந்தத் தவறைச் செய்திருந்தேன். போனின் பெட்டியில் மின்கழிவு என்று எழுதி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். ஐந்தாறு சேர்ந்ததும் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் வந்து எடுத்துப்போவார்.

கிளம்பும்போது அந்தப் பையன் கேட்டார்: "இது இந்த போன்ல எத்தன நாளுக்கு இருக்கும்க்கா?"

போனை வாங்கி, அமைப்புகளைத் திறந்து, தேதியைப் பார்த்தேன். இரண்டு மாதம் முந்தியது. மாடல் வெளிவந்த வருடத்தையும் பார்த்தேன். பிறகு என் மேஜையில் இருந்த ஒரு பென் டிரைவை எடுத்து, அதிலும் ஒரு நகல் போட்டுக் கொடுத்தேன்.